ஏசாயாவின் துன்புறும் தாசனை யூதரின் கண்கொண்டும் வாசிப்பது எப்படி

பெரிய வெள்ளி நெருங்கும் நாட்களில், மட்டக்களப்பில் புளியந்தீவிலிருந்து கல்லடி வரையிலும், தெற்கே கல்முனை, திருக்கோவில் பக்கத்திலும், வீட்டு விறாந்தைகளில் நடக்கும் வேத வகுப்புகள் பலவற்றில், பிறருடைய பாவத்துக்காகத் துன்புறும் தாசனைச் சொல்லும் ஏசாயா 53ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்கர் அன்றைய வழிபாட்டின் முதல் வாசகமாகவே அதைக் கேட்கிறார்கள். வாசித்து முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை, "இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது யூதர்கள் ஏன் இயேசுவை மேசியா என்று ஏற்கவில்லை?" என்று கேட்கும். "அவர்களுடைய கண் மூடப்பட்டிருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நேர்மையாக முகம் கொடுக்க விரும்பும் வகுப்பு நடத்துநர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் யூதத் தொழுகைக்கூடம் இல்லை. எழுந்து நின்று "நாங்கள் அப்படி வாசிப்பதில்லை" என்று சொல்ல ஒரு யூதரும் நம் வகுப்பில் இருக்கப்போவதில்லை. ஆகையால் அவருக்குரிய கதிரையை நடத்துநரே காத்துக்கொடுக்க வேண்டும்.

வகுப்புக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் கட்டாயம் வேண்டும்: சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதல் ஒன்று, 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஒன்று. இந்த மாவட்டத்தில் மெதடிஸ்த குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் ஒரே ஒழுங்கையில் வாழ்வதால் இரண்டையும் சேர்ப்பது கடினமல்ல. ஏசாயா என்றும் எசாயா என்றும் பெயர் மாறி வருவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதோடு, நாம் பழைய ஏற்பாடு என்று சொல்வதை யூதர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தனாக்; தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்), இறைவாக்கினர், எழுத்துகள் என்று மூன்று பகுதியாக அமைந்தது. நமது வரிசை மல்கியாவோடு முடிந்து, வரப்போகிற ஒருவரை எதிர்பார்க்க வைக்கிறது. அவர்களுடைய வரிசை நாளாகமத்தோடு முடிந்து, எருசலேமுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் பாரசீக அரசன் கோரேசின் கட்டளையில் நிற்கிறது. தானியேல் அவர்களுக்கு இறைவாக்கினர் பகுதியில் இல்லை, எழுத்துகளில் இருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து, சூடான வசனத்தில் கை வைக்குமுன் ஒரு எளிய வசனத்தில் பழக்குங்கள். ஒருவர் மத்தேயு 2:15ஐ வாசிக்கட்டும்: "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று தீர்க்கதரிசி சொன்னது குழந்தை இயேசுவில் நிறைவேறியது என்கிறார் மத்தேயு. பிறகு இன்னொருவர் ஓசியா 11:1ஐ முதற்பாதியோடு சேர்த்து வாசிக்கட்டும்: "இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்." ஓசியா அங்கே முன்னறிவிப்பு எதுவும் சொல்லவில்லை, மோசேயின் காலத்து விடுதலையை நினைவுகூர்கிறார். அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடுகிறான். அப்படியானால் மத்தேயு தவறாக எடுத்தாண்டாரா? இந்தக் கேள்வியை வகுப்பு சற்றுநேரம் சுமக்கட்டும். மத்தேயுவும் ஒரு யூதர். ஓசியாவின் மீதி வசனம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இஸ்ரவேலின் கதை முழுவதையும் இயேசு தம்முடைய வாழ்வில் மறுபடி நடந்து முடிக்கிறார் என்பதே அவர் சொல்ல வந்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். "நிறைவேறியது" என்ற சொல், நாள்காட்டியில் குறித்து வைத்த சம்பவம் நடந்தேறியது என்று மட்டுமே பொருள்படாது என்பது இங்கே பிடிபட்டுவிட்டால் மீதிப் பாதை இலகுவாகும்.

இனி ஏசாயா 7:14. பல ஆண்டுகளுக்கு முன் கல்லடியில் நான் நடத்திய ஒரு வகுப்பில், "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்று வாசித்து, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டேன். பின்வரிசையில் திருவிவிலியத்தை மடியில் வைத்திருந்த பெண்பிள்ளை ஒன்று, தன் புத்தகத்தில் "கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்" என்று இருப்பதாக மெதுவாகச் சொன்னது. நான் சற்றும் யோசிக்காமல், "அது மொழிபெயர்ப்புப் பிழை" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டது. பிழை என்னுடையது. எபிரேயத்தில் இருக்கும் சொல் அல்மா. அது இளம்பெண்ணைக் குறிக்கும். கன்னி என்பதைக் குறிப்பாகச் சொல்ல வழக்கமாக ஆளப்படும் சொல் பெத்துலா. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் கிரேக்கத்தில் செய்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் பார்தெனோஸ், அதாவது கன்னி, என்ற சொல்லை இட்டது. மத்தேயு 1:23 அந்தக் கிரேக்க வாசகத்தைத் தழுவியது. திருவிவிலியத்திலும் மத்தேயுவில் கன்னி என்றுதான் இருக்கிறது, எசாயாவில்தான் இளம்பெண். இரு மொழியின் இரு சொல்லையும் அது அப்படியப்படியே காட்டியிருக்கிறது.

இந்த வசனத்தை வகுப்பில் எடுக்கும்போது 7ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆராமின் அரசன் ரேத்சீனும் வட இஸ்ரவேலின் அரசன் பெக்காவும் சேர்ந்து எருசலேமுக்கு எதிராக வந்திருக்கிறார்கள், கி.மு. 734 அளவில் நடந்தது. யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்குகிறான். பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த இரண்டு அரசர்களின் நாடும் பாழாகும் என்பதே 16ஆம் வசனம் தரும் அடையாளம். யூதர்கள் இதை ஆகாஸுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலாகவே வாசிக்கிறார்கள். பிள்ளை யார் என்பதில் அவர்களுக்குள்ளும் பேதம் உண்டு: ஆகாஸின் மகன் எசேக்கியா என்று சிலர் சொன்னார்கள், வயதுக் கணக்கு பொருந்தாது என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி மறுத்தார், ஏசாயாவின் சொந்த மகன் என்றார் இன்னொரு உரையாசிரியர் இப்னு எஸ்ரா. கன்னிப் பிறப்பை அறிக்கையிடும் கிறிஸ்தவருக்கு அந்த விசுவாசத்தைத் தருவது மத்தேயு, லூக்கா ஆகியோரின் சாட்சி. ஏசாயாவின் ஒரு சொல்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றினால், கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை ஒன்று அகராதியைத் திறந்த அன்றைக்கே அது சரிந்துவிடும்.

இப்போது 53ஆம் அதிகாரம். வகுப்பின் பெரும்பகுதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அதிகார எல்லையை மறந்து 52:13இல் தொடங்கி 53:12இல் முடியுங்கள். பகுதி அங்கேதான் உண்மையில் ஆரம்பிக்கிறது. வாசிக்குமுன் எல்லோருடைய கையிலும் கொப்பியும் பேனையும் இருக்கட்டும். "தாசன்" யார் என்று ஏசாயாவே பெயர் சொல்லும் இடங்களை அவர்கள் எழுதட்டும்: 41:8, 44:1, 49:3. மூன்றிலும் தாசனின் பெயர் இஸ்ரவேல். யூத வாசிப்பின் அத்திவாரம் இதுதான். பிரான்சின் துரோவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி, தாசன் இஸ்ரவேல் மக்களே என்று விளக்கினார். அவருடைய காலத்திலேயே, 1096இல், சிலுவைப் படையினர் ரைன் நதிக்கரை யூதச் சமூகங்களைக் கொன்று குவித்தார்கள். ஆயினும் இந்த விளக்கம் அந்தக் கொலைகளால் பிறந்ததன்று. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூதர்கள் தம்மிடம் இப்படிச் சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதி வைத்திருக்கிறார். மறுபுறம், மேசியாவையே தாசனாகக் கண்ட யூத மரபும் உண்டு. அரமேய விரிவுரையான தர்கூம் "என் தாசனாகிய மேசியா" என்கிறது. ஆனால் துன்பங்களை அவர்மேல் வைக்காமல் பிறர்மேல் பகிர்ந்துவிடுகிறது. யூத ஆசிரியர்களின் போதனைத் தொகுப்பான தல்மூதிலும் மேசியாவின் நோயைச் சொல்லும் இடத்தில் 53:4 வருகிறது. ஆகவே "யூதர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்று ஒற்றைக் குரலாகச் சொல்லாதீர்கள்.

தமிழருக்கென்று இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது; நான் இதைக் கண்டுகொள்ள நெடுங்காலம் எடுத்தது. எபிரேயத்தில் மரியாதைப் பன்மை விகுதி கிடையாது. அவன், அவர் என்ற வேறுபாடே இல்லாத அந்த மொழியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் தீர்மானம் எடுத்தாக வேண்டும். பழைய திருப்புதலில் 53:3ஐப் பாருங்கள்: "அவர் அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்" என்று மதிப்போடு வருகிறது. அதே புத்தகத்தில் 42:19ஐத் திருப்புங்கள்: "என் தாசனையல்லாமல் குருடன் யார்?" அங்கே தாசன் என்பதும் குருடன் என்பதும் ஒருமையில் நிற்கின்றன. எபிரேயம் இரண்டிடத்திலும் ஒரே ஒருமை வடிவத்தைத்தான் ஆள்கிறது. குற்றம் செய்த இஸ்ரவேலுக்கு "அன்" விகுதியும், துன்புறும் கிறிஸ்துவுக்கு "அர்" விகுதியும் இட்டதன் மூலம், மொழிபெயர்ப்பாளர் தம்முடைய விசுவாசத்தை நமக்கு முன்பாகவே வாசித்துக் காட்டிவிட்டார். அவர் ஏமாற்றவில்லை, தமிழில் எழுதுகிறவருக்கு வேறு வழியில்லை. ஆனால் சிறுவயதிலிருந்து "அவர்" என்று கேட்டு வளர்ந்த காது, அங்கே ஒரு மக்கள் கூட்டம் இருக்கக்கூடும் என்பதை எண்ணவே இடங்கொடாது. இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கொப்பியின் ஒரு பக்கத்தில் 53:3 முதல் 6 வரை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் "அவர்" வரும் இடமெல்லாம் "இஸ்ரவேல்" என்று இட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் உரக்க வாசிக்கட்டும்.

இதே போன்றது "நாம்" என்ற சொல். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு; எபிரேயத்தில் அந்தப் பிரிவு இல்லை. பழைய திருப்புதல் 53:1இல் "எங்கள் மூலமாய்" என்று தொடங்கி, 53:4இல் "நம்முடைய பாடுகளை" என்று மாறுகிறது. அந்த "நம்முடைய" கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கேட்கிற நானும் அந்தக் குற்றத்தில் பங்காளி. கிறிஸ்தவ வாசிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. யூத வாசிப்பிலோ பேசுகிறவர்கள் வேறு: 52:15இல் வாயை மூடிக்கொண்டு திகைத்து நிற்கும் அந்நிய ராஜாக்களே 53:1இலிருந்து பேசுகிறார்கள். "இந்த மக்களைக் கடவுள் தண்டித்தார் என்று எண்ணினோம், உண்மையில் எங்களுடைய அக்கிரமத்தின் சுமையை அவர்கள் தாங்கினார்கள்" என்று கடைசி நாளில் அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே வகுப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "தாசன் யார்?" என்பதன்று, "பேசுவது யார்?" என்பதே.

இரு வாசிப்பிலும் இடறும் கற்கள் உண்டு, இரண்டையும் மறைக்காமல் வையுங்கள். தாசன் இஸ்ரவேல் என்றால், 49:6இல் அவன் யாக்கோபின் கோத்திரங்களை எழுப்புவது எப்படி, 53:8இல் "என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்" அடிபடுவது எப்படி என்ற கேள்வி எழும். இஸ்ரவேலுக்குள் உண்மையாய் நின்ற சிறு கூட்டத்தைக் காட்டுவோர் உண்டு, இறைவாக்கினரையே காட்டுவோரும் உண்டு. தாசன் இயேசு என்றால், 53:10இல் அவர் சந்ததியைக் காண்பதும் நீடித்த நாளாயிருப்பதும் எப்படி என்ற கேள்வி எழும். உயிர்த்தெழுதலும் சபையும் என்று கிறிஸ்தவர் விடை சொல்கிறார்கள். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இதே பகுதியை இரதத்தில் வாசித்து, தீர்க்கதரிசி தன்னைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று பிலிப்புவிடம் கேட்கிறார். பிலிப்பு அந்தக் கேள்விக்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

இதற்குப் பிறகே இரட்சிப்பைப் பற்றிப் பேசுங்கள். கத்தோலிக்கர் மீட்பு என்று சொல்வதும் சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்று சொல்வதும் ஒன்றே. யாத்திராகமம் 14:13ஐ வாசியுங்கள்: செங்கடலின் முன் நின்று "கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்" என்கிறார் மோசே. அங்கே எபிரேயச் சொல் யெசுவா. துரத்தி வரும் குதிரைப்படையிலிருந்து உயிர் தப்புவதே அந்த இரட்சிப்பு. யூதருக்கு அந்தச் சொல் இன்றும் அந்த மண்ணை விட்டு அதிகம் நகரவில்லை: மக்கள் விடுதலை பெறுவது, சிதறியோர் கூடுவது, நீதி நிலைப்பது. 1138 முதல் 1204 வரை வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடெஸ், தாவீதின் வழிவந்த அரசன் ஆலயத்தைக் கட்டி, சிதறியோரைக் கூட்டினால் அவனே மேசியா என்று சட்டமாகவே எழுதினார். 1263இல் பார்சலோனாவில் அரகோன் அரசரின் முன் வாதிட்ட யூத அறிஞர் நக்மானிடெஸ், இயேசுவின் நாள்முதல் இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்று ஏசாயாவின் சமாதான வாக்கை எடுத்து வைத்தார். போரைப் பார்த்த நம் ஊரில் அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட ஒருவருக்கும் மனம் வராது. கிறிஸ்தவர் அதற்கு இரண்டாம் வருகையை நம்பிக்கையோடு சொல்கிறார்கள்; யூதர், மேசியாவின் வேலை ஒரே வருகையில் முடிய வேண்டியது என்கிறார்கள்.

பாவமன்னிப்பைப் பற்றிய வேறுபாடு இன்னும் நுட்பமானது. "பலியில்லாமல் யூதர் எப்படி மன்னிப்புப் பெறுகிறார்கள்?" என்று வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள். எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள்: துன்மார்க்கன் திரும்பினால் பிழைப்பான். திரும்புதலை எபிரேயத்தில் தெசுவா என்பார்கள். கி.பி. 70இல் ஆலயம் இடிந்தபின் ஜெபமும் திரும்புதலும் தருமமும் யூத வாழ்வின் மையமாயின. பிறவிப் பாவம் என்ற போதனை அவர்களுக்கு இல்லை. மீட்பர் இல்லாமல் திரும்பவே முடியாத அளவுக்கு மனிதன் கட்டுண்டிருக்கிறான் என்று அவர்கள் நினைப்பதில்லை. கிறிஸ்தவ விசுவாசம் அங்கேதான் பிரிகிறது: திரும்புவதற்கான மனமே கிருபையாய் வருகிறது, அந்தக் கிருபை சிலுவையில் திறந்தது. பிற இனத்தாரில் நீதிமான்களுக்கும் வரும் உலகில் பங்குண்டு என்று யூத மரபு சொல்வதையும் கூறுங்கள்; நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் புதுச் செய்தி.

கவனிக்க வேண்டியவை சில. யூதர் என்ற சொல் எழுந்தாலே பேச்சு இன்றைய பலஸ்தீனப் போருக்குத் தாவிவிடும்; முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் பக்கத்தில் வாழ்பவர்களிடம் அது இயல்பே. அந்தத் துயரத்துக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள், பழைய வாக்கை அதற்குச் சாட்சியாக இழுக்க விடாதீர்கள். தவக்கால நாடகங்களில் யூதர் எல்லோரையும் கொலைகாரராகக் காட்டும் வசனம் இருந்தால் வெட்டிவிடுங்கள். இயேசுவின் மரணத்தை அன்றைய யூதர் அனைவர்மேலும் இன்றைய யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடவுளின் அழைப்பு மாறாது என்று சொல்லும் ரோமர் 11:29ஐ ஒருவர் எழுந்து வாசிப்பது நல்லது.

என் விசுவாசத்தையும் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. எம்மாவு வழியில் போன சீடர் இருவருக்கும் வேதம் முழுவதும் மனப்பாடமாகியிருக்கலாம். ஆனாலும் உயிர்த்தவர் கூட நடந்து விளக்கியபோதுதான் அவர்களுடைய நெஞ்சு கொழுந்துவிட்டது. உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் திரும்பி ஏசாயாவைப் படித்தார்கள், அங்கே அவரைக் கண்டார்கள். நானும் அப்படியே காண்கிறேன். அவரை அறியாமல் முன்னிருந்து வாசித்து வரும் யூதர் அங்கே தம்முடைய மக்களின் காயத்தைக் காண்பதை நான் குருட்டுத்தனம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த வகுப்புக்கு யோனாவை எடுங்கள். நமக்கு யோனா என்றதும் மீனின் வயிற்றில் மூன்று நாள். மத்தேயு 12:40 அப்படிப் பழக்கிவிட்டது. யூதர்கள் ஆண்டுதோறும் பாவநிவாரண நாளின் பிற்பகலில் தொழுகைக்கூடத்தில் யோனாவை முழுவதும் வாசிக்கிறார்கள். பலியொன்றும் இல்லாமல் மனந்திரும்பித் தப்பிய நினிவேக்காக. மத்தேயு 12:41இல் இயேசுவும் அந்த நினிவேயைத்தான் காட்டுகிறார். 40ஐயும் 41ஐயும் கொப்பியின் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வரச் சொல்லி வகுப்பை முடியுங்கள்.