வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும்: புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் வரை எங்கள் கார் வாசலிலேயே தூசி படிந்து நின்றது. டிரைவிங் ஸ்கூலில் நன்றாகத்தானே ஓட்டினோம், இப்போது ஏன் சாவியைத் தொட்டாலே கை வேர்க்கிறது என்று எனக்கே புரியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பாதி நாள் வண்டியை ஓட்டியது அவருடைய கால்.

முதல் தவறு அங்கேதான். பயிற்சி முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதே, "மாஸ்டர், இனிமே நீங்க காலை எடுத்துடுங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று சொல்லிவிட வேண்டும். முடிந்த மறுநாளே சொந்த வண்டியை எடுக்கவும் வேண்டும். ஒரு மாதம் இடைவெளி விட்டால் கை கால் எல்லாம் மறந்துவிடும், பயம் மட்டும் அப்படியே இருக்கும்.

புதிதாக ஓட்டுபவர்களின் பயத்தில் முக்கால்வாசி இடது காலில் இருக்கிறது என்பது என் எண்ணம். சிக்னல் பச்சைக்கு மாறுகிறது, பின்னால் தண்ணீர் லாரி, ஒரு ஹாரன். பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விடுகிறோம், வண்டி உதறி ஆஃப் ஆகிறது. இதுவரை பெரிய தவறு ஒன்றும் இல்லை. அடுத்து செய்வதுதான் தவறு. நான் அவசரத்தில் அப்படியே சாவியைத் திருப்பினேன். பழைய வண்டி, முதல் கியரில் இருந்தது, கிளட்ச்சில் கால் இல்லை. ஒரே குதி. முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆஃப் ஆனால் முதலில் பிரேக். அப்புறம் கிளட்ச்சை முழுசாக அழுத்தி நியூட்ரல், சாவி, முதல் கியர். நிறுத்தி வைத்த வண்டியில் இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். லாரிக்காரர் எத்தனை ஹாரன் அடித்தாலும் வரிசை மாறக் கூடாது.

ஆஃப் ஆவதையே குறைக்கவும் வழி இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும், சீட்டில் ஒரு அதிர்வு தெரியும், வண்டி ஊரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். ஒரு விநாடி அங்கேயே நிறுத்தி, மறுபடி அழுத்துங்கள். இருபது முப்பது முறை செய்தால் கால் தானாக அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். வண்டிக்கு வண்டி அந்த இடம் மாறும் என்பதால் பயிற்சிக் காரில் பழகியது மட்டும் போதாது.

மேம்பால ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடித்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் வராது.

பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவர், இல்லாத பிரேக்கைக் கால்மிதியில் மிதித்துக்கொண்டே "பாத்து, பாத்து!" என்பார். எதைப் பார்க்க, எந்தப் பக்கம்? கடைசியில் சித்தி பையனைக் கூப்பிட்டுக்கொண்டேன். "அக்கா, அந்த வளைவுல நாய் படுத்திருக்கும், செகண்டுக்கு வந்துடு" என்று முன்கூட்டியே சொல்வான், அவ்வளவுதான். திட்டு, அறிவுரை எல்லாம் வண்டியை நிறுத்திய பிறகு.

எல் போர்டை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும். பின்னால் வருபவர் கொஞ்சம் இடம் விடுவார். திட்டினாலும் தெரிந்தே திட்டுவார்.

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல், காரின் இடது பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அந்தப் பயத்தில் நடுரோட்டிலேயே போவார்கள். நிறுத்திய வண்டியின் இடது முன்சக்கரத்துக்கு இடதுபுறம் ஓரடி தள்ளி ஒரு தண்ணீர் கேனை வைக்கச் சொல்லி, சீட்டிலிருந்து அது பானெட்டின் எந்த இடத்துக்கு நேராகத் தெரிகிறது என்று பாருங்கள். பானெட் கேனையே மறைத்தால், கேனைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். ரோட்டோரம் அந்த இடத்துக்கு நேராகத் தெரிந்தால் உங்களுக்கு இன்னும் ஓரடி இருக்கிறது. ஓடும்போது பானெட்டையே பார்க்காமல் தூரத்தில் பாருங்கள், ஸ்டீயரிங் தானாக நேராகும்.

ரப்பர் செருப்பு வேண்டாம். கழன்று பிரேக்குக்கு அடியில் போனால் அவ்வளவுதான். வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராக ஊன்றி, ஆக்ஸிலரேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் திருப்பினால், பதறும்போதும் கால் பிரேக்கில்தான் விழும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் மட்டுமே ஓட்டிக்கொண்டிருப்பதும் தவறுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிடத் தினம் இருபது நிமிடம் ஓட்டுவது நல்லது. ஒரே வழியில் ஒரு வாரம் போங்கள். அடுத்த வாரம் அதில் ஒரு வலது திருப்பம், அப்புறம் சந்தைத் தெரு, அப்புறம் இரவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பினால் மறுநாள் வண்டி மறுபடி வாசலில்தான் நிற்கும்.

எல்.எல்.ஆர் எடுத்து 30 நாள் கழிந்ததும் ஆர்.டி.ஓ ஆபீஸில் டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும், 31ஆம் நாளே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. டெஸ்ட் அன்று நடுக்கமாக இருக்கிறதே என்று யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள், தூக்கக் கலக்கம் வந்தால் நடுக்கத்தைவிட ஆபத்து. உட்கார்ந்ததும் சீட், கண்ணாடி, பெல்ட் மூன்றையும் நிதானமாகச் சரிசெய்யுங்கள், அதற்குள் மூச்சு கொஞ்சம் இறங்கிவிடும். தவறிப்போனால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். அந்த ஏழு நாளும் வண்டியை எடுத்துக்கொண்டே இருங்கள்.