கோயிம்ப்ராவில் போர்த்துகீசிய மொழியும் பண்பாடும் பயில விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

போர்த்துகீசிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் பயில விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த நாட்டின் வழக்கைக் கற்கப் போகிறோம் என்பதாகும். 9 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள இம்மொழியைப் பேசுவோரில் மிகப் பெரும்பாலோர், 20 கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட பிரேசிலில் வாழ்கிறார்கள். போர்த்துகலின் மக்கள்தொகையோ ஏறத்தாழ ஒரு கோடிதான். பிரேசில் நிறுவனங்களில் பணிபுரிய எண்ணுவோர் அந்நாட்டு வழக்கையே தொடக்கத்திலிருந்து கற்பது நல்லது. போர்த்துகலின் வரலாறு, இலக்கியம், பழைய ஆவணங்கள் ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு அந்நாட்டின் கோயிம்ப்ரா நகரிலுள்ள பல்கலைக்கழகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தினிஸ் மன்னரால் 1290இல் லிஸ்பனில் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், பலமுறை இடம் மாறி, 1537இல் கோயிம்ப்ராவில் நிலைபெற்றது. அங்குள்ள கலைப்புலத்தில் வெளிநாட்டவர் சேர இரு வழிகள் உண்டு. ஒன்று, வெளிநாட்டவருக்கென்றே நடத்தப்படும் மொழி, பண்பாட்டு ஓராண்டுப் படிப்பு. மற்றொன்று, மூன்றாண்டு இளங்கலை அல்லது ஈராண்டு முதுகலைப் பட்டம். பட்ட வகுப்புகளில் பாடம், விவாதம், தேர்வு ஆகிய அனைத்தையும் போர்த்துகீசியத்திலேயே எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்வதே பாதுகாப்பான வழி. மாணவரின் மொழித்திறனை அறிய வகுப்புகள் தொடங்குமுன் தேர்வு ஒன்று வைத்து, ஏ1 என்னும் தொடக்கநிலை முதல் சி2 என்னும் உச்சநிலை வரையிலான ஐரோப்பியத் தரநிலைகளில் உரிய இடத்தில் சேர்ப்பார்கள். அத்தேர்வுக்கென்று அவசரமாக மனப்பாடம் செய்து தகுதிக்கு மீறிய வகுப்பில் இடம்பிடிப்பவர் முதல் பருவம் முழுவதும் அல்லற்படுவார். மதிப்பெண்கள் 20க்கு வழங்கப்படுகின்றன. 10 பெற்றால் தேர்ச்சி. 14, 15 என்பவை நல்ல மதிப்பெண்களே என்பதை வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடன் விசா வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான, 90 நாள்களுக்கு மட்டும் செல்லும் ஷெங்கன் விசா ஓராண்டுப் படிப்புக்குப் போதாது. கல்விக்கான நீண்டகால விசா தேவை. கல்விச் சான்றிதழ்களுக்கு அவற்றை வெளிநாட்டில் செல்லத்தக்கதாக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, காவல்துறை நற்சான்று, பணவசதிக்கும் தங்குமிடத்திற்குமான ஆதாரம் ஆகியவற்றைத் திரட்ட எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். இந்தியாவிலேயே அடிப்படையைக் கற்க விரும்புவோருக்குக் கோவா பல்கலைக்கழகம், டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் போர்த்துகீசியம் கற்பிக்கப்படுகிறது.

மொழியைக் கற்பதில் கண்ணைவிடக் காதுக்கே முதலிடம் தர வேண்டும் என்பதை நான் மிக அழுத்தமாகச் சொல்வேன். போர்த்துகலில் அழுத்தம் பெறாத உயிரொலிகள் பேச்சில் மிகவும் குறுகி, சில இடங்களில் அறவே மறைந்துவிடுகின்றன. ஆகவே, எழுத்தில் தெளிவாகப் புரியும் ஒரு வாக்கியம் கடைக்காரரின் வாயிலிருந்து வரும்போது மெய்யொலிகளின் நெருக்கமான கோவையாக மட்டுமே கேட்கும். பயணத்திற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே போர்த்துகல் வானொலிச் செய்திகளை அன்றாடம் கேட்டு, கேட்டதை எழுதிப் பார்த்து வந்தால் இத்தடை பெரிதும் குறையும். தமிழருக்கு இங்கே ஓர் அனுகூலமும் ஓர் இடரும் உண்டு. பிறநாட்டு மாணவர் பலர் தடுமாறும் ‘ஞ’ ஒலி நமக்கு இயல்பாகவே வரும். ஆனால், நம் எழுத்தில் ஒரே ‘ப’கரம் p, b என்னும் இரண்டு ஒலிகளையும் குறிப்பதால், போர்த்துகீசியத்தில் பொருளையே மாற்றிவிடும் அவ்வேறுபாட்டில் நாம் கவனம் தவறுகிறோம். மூக்கொலி உயிர்களையும், வாய் திறந்தும் குவிந்தும் ஒலிக்கும் ஒகரங்களையும் ஆசிரியரின் முன்னிலையில் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். பாட்டி, தாத்தா ஆகிய இருவரையும் குறிக்கும் சொற்களே அங்கு அந்த ஒகர வேறுபாட்டால் மட்டும்தான் பிரிகின்றன.

பேராசிரியரை நேரே ‘நீங்கள்’ என்பதற்கு ஈடான சொல்லால் அழைக்காமல், பதவிப் பெயரைச் சொல்லிப் படர்க்கை வினையால் பேசுவது அங்கு மரியாதை. ‘ஐயா சாப்பிட்டாரா?’ என்று பெரியவரிடமே கேட்கும் வழக்கம் அறிந்த நமக்கு இது விரைவில் பழகிவிடும். பிரேசிலில் இயல்பாகப் புழங்கும் ‘வொசே’ என்ற முன்னிலைச் சொல் போர்த்துகலில் பலர் காதில் மரியாதைக் குறைவாக ஒலிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பண்பாட்டுப் பாடங்களை மொழிப் பாடத்தின் அலங்காரமாக எண்ணி ஒதுக்குவோரைக் கண்டால் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. கோயிம்ப்ரா மாணவர்களின் கறுப்பு மேலங்கியும், ஆண்கள் மட்டுமே பாடி வந்த அவ்வூர் ஃபாது என்னும் பாடல்வகையும், மே மாதத்து மாணவர் விழாவும் சுற்றுலாக் காட்சிகளாகவே நின்றுவிட வேண்டியதில்லை. 1969 ஏப்ரல் 17 அன்று, கணிதத்துறைக் கட்டடத்தின் திறப்பு விழாவில், குடியரசுத் தலைவர் அமெரிக்கு தோமாசின் முன்னிலையில் பேச மாணவர் சங்கத் தலைவர் அனுமதி கேட்டார், அது மறுக்கப்பட்டது, அன்றிரவே அவர் கைது செய்யப்பட்டார். அதையொட்டி எழுந்த போராட்டத்தில் மாணவர்கள் தேர்வுகளைப் புறக்கணித்தனர். அவர்களில் பலர், ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் 1961 முதல் நடந்துகொண்டிருந்த போருக்காகப் படையில் சேர்க்கப்பட்டனர். சர்வாதிகார ஆட்சியை வீழ்த்திய 1974 ஏப்ரல் 25 புரட்சிக்கு வானொலியில் சமிக்ஞையாக ஒலித்த பாடலின் ஆசிரியர் ஜோசே அஃபோன்சோவும் இதே பல்கலைக்கழகத்தில் படித்து, இவ்வூர் ஃபாதுவைப் பாடியவர்தான். இந்த வரலாற்றைப் படித்தபின் அதே படிக்கட்டுகளில் ஏறி வகுப்புக்குச் செல்லும் மாணவருக்கு, செய்தித்தாளின் ஏப்ரல் மாதப் பக்கங்களும் முதியவர்களின் பேச்சும் வேறு ஆழத்தில் புரியத் தொடங்கும்.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பல்கலைக்கழக உணவகங்களில் சூப்புடன் முழு உணவு குறைந்த விலையில் கிடைக்கும். பொது நிறுவன உணவகங்களில் சைவ உணவும் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

இறுதியாக, தமிழக வரலாற்றிலும் ஈழ வரலாற்றிலும் ஈடுபாடு உள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முத்துக்குளித்துறையில் பணியாற்றி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றும்வரை போர்த்துகீசியர் வசமிருந்த நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பற்றிய பதிவுகளை லிஸ்பன், கோவா ஆவணக் காப்பகங்களில் தேடலாம். அவற்றைப் படிக்க இன்றைய மொழியறிவு மட்டும் போதாது. 16, 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தையும் சொற்சுருக்கங்களையும் படிக்கும் பயிற்சியும் வேண்டும். ஆகவே, மொழியில் பி2 நிலையை எட்டியதும் தொல்லெழுத்தியல் பாடத்தில் சேர அனுமதி கேளுங்கள். லிஸ்பனின் தோரே தோ தோம்பு தேசிய ஆவணக் காப்பகம் கட்டணமின்றி இணையத்தில் வெளியிட்டுள்ள ஆவணப் படங்களில் நாளுக்கு ஒரு பக்கத்தை எடுத்து, எழுத்தெழுத்தாகப் படியெடுத்துப் பழகுங்கள்.