தாராவியில் மகளுக்கு சாதிச் சான்றிதழ் வாங்கிய கதை

மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர மகளுக்கு எஸ்சி சான்றிதழ் தேவைப்பட்டது. விண்ணப்பித்தால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே மகாராஷ்டிராவில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். நான் திருநெல்வேலியிலிருந்து 1994-இல் வந்தவன், எங்கே போவேன்? பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது, மனைவியின் சான்றிதழ் என்று பதினொரு நாள் அலைந்தும் பலனில்லை.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, நீங்க கேக்கறதே தப்பு. வெளிமாநிலத்திலேர்ந்து வந்தவங்களுக்குத் தனிச் சான்றிதழ் இருக்கு." அதற்கு 1950 ஆதாரம் வேண்டாம். தகப்பனுக்குச் சொந்த மாநிலம் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் போதும். தாயுடையது செல்லாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். என் பழைய சான்றிதழில் பெயருக்கு முன்னால் 'மு.' என்ற தலைப்பெழுத்து மட்டும். ஆதாரிலோ அப்பாவின் முழுப்பெயர் கடைசியில். இருவரும் வேறு ஆள் என்றுவிட்டார்கள். ஊரில் தம்பி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, முழுப்பெயரோடு புதிதாக வாங்கி அனுப்பினான். அடுத்த முறை மறுபேச்சில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவுப்படி எஸ்சி சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதனால் இந்தச் சான்றிதழ் மத்திய அரசு இடங்களுக்குச் செல்லும்; மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது.