பொடியன் போனிலை காசு கட்டி விளையாடுறானோ? வேளைக்கே கண்டுபிடிக்கிறது எப்பிடி

சித்தியின்ரை சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் தம்பி போனிலை சூதாடுற விசயம் எங்கடை வீட்டுக்குத் தெரியவந்தது, ஆனா இப்ப யோசிச்சுப் பாத்தா அதுக்கு ஏழெட்டு மாசத்துக்கு முன்னமே எல்லாம் கண்ணுக்கு முன்னாலைதான் நடந்திருக்கு, எதைப் பாக்கிறதெண்டுதான் எங்களுக்குத் தெரியேல்லை. உங்கடை வீட்டிலை அந்த ஏழெட்டு மாசம் வீணாப் போகக்கூடாது எண்டுதான் எழுதிறன்.

எவ்வளவு காசு போச்சு எண்டதை வைச்சு அளக்காதேங்கோ, காசு போறது கடைசியாத்தான் வெளியிலை தெரியும். முதல்லை மாறுறது போன் பிடிக்கிற விதம். தம்பி முந்தி போனைச் சாப்பாட்டு மேசையிலை போட்டுட்டுக் குளிக்கப் போறவன், பிறகு கிணத்தடிக்கும் கொண்டு போகத் தொடங்கினான், எங்கை வைச்சாலும் கவிட்டுத்தான் வைப்பான், சாமம் ரெண்டு மணிக்கும் அறையிலை வெளிச்சம் தெரியும். ஐபிஎல் நடக்கேக்கை எல்லாப் பொடியளும் மட்ச் பாக்கிறவங்கள்தான், ஆனா இவன் ஓவருக்கு ஓவர் போனைத்தான் பாப்பான், தனக்குப் பிடிச்ச ரீம் வெண்டாலும் முகம் கறுத்துப்போய் இருக்கும். நான் அதைக் கண்டனான், கண்டும் கேக்கேல்லை, இண்டைக்கும் அது மனசிலை குத்துது.

காசுப் பக்கம் பாத்தா, சம்பளம் வந்து நாலாம் நாளே கையிலை ஒண்டும் இருக்காது. ஒரே ஆளிட்டைப் பெருசாக் கேக்கமாட்டாங்கள், ஒருத்தனிட்டை ரெண்டாயிரம் இன்னொருத்தனிட்டை ஐயாயிரம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கதை, போன் உடைஞ்சது, பைக்குக்கு ரயர் மாத்தோணும், கூட்டாளிக்கு ஆஸ்பத்திரிச் செலவு. கனடாவிலையிருந்து மாமா அனுப்பினது எங்கை போச்சு எண்டு கேட்டா கோவம் வரும். பாங்க் ஆப்பிலை ஒரே நாளிலை பத்துப் பன்ரெண்டு தரம் சின்னச் சின்னத் தொகை வெளியிலை போயிருந்தா, ஒன்லைன் லோன் ஆப் ஒண்டு போனிலை கிடந்தா, கட்டாயம் விசாரியுங்கோ. இன்னொண்டு, ஆக்கள் கவனிக்காமல் விடுறது, திடீரெண்டு காசு வாறது. ஒரு பின்னேரம் எல்லாருக்கும் கொத்து வாங்கிக் குடுப்பான், தங்கச்சிக்குச் சப்பாத்து வாங்கி வருவான், நாங்களும் சந்தோசப்பட்டம். தொடக்கத்திலை ஒருக்காப் பெருசா வெல்லுறதுதான் கனபேரை உள்ளுக்கை இழுக்கிறது, வெண்டதை ஊருக்கே சொல்லுவாங்கள், தோத்ததைப் பற்றி வாயே திறக்கமாட்டாங்கள்.

எல்லாத்தையும் விடப் பெரிய அடையாளம் விட்டதைப் பிடிக்கப் போறது. “இண்டைக்கு மட்டும், விட்டதை எடுத்திட்டு நிப்பாட்டிப்போடுவன்” எண்ட கதையைக் கேட்டா உசாராகுங்கோ. விட்டதைப் பிடிக்க ஏலாது எண்டுறதுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். ரூலெட் எண்டுறது சுத்திற சக்கரத்திலை குண்டு எந்த இலக்கத்திலை விழும் எண்டு காசு கட்டுற விளையாட்டு, ஒற்றைச் சைபர் ரூலெட்டிலை மொத்தம் 37 இலக்கம், எல்லாத்திலையும் 100 ரூபாப்படி வைச்சா 3700 போகும், எந்த இலக்கம் விழுந்தாலும் கைக்குத் திரும்பி வாறது 3600தான், மிச்ச 100 நடத்திறவனுக்கு. எவ்வளவு நேரம் கூட விளையாடுறாங்களோ அவ்வளவுக்கு அந்த நூறுகள் சேரும், கெட்டித்தனத்தாலை அதை மாத்த ஏலாது. போனஸ் எண்டு தாறதும் அப்பிடித்தான், கனதரம் திருப்பித் திருப்பிக் கட்டி முடிச்சால்தான் வெளியிலை எடுக்கலாம் எண்டு கீழை சின்ன எழுத்திலை போட்டிருக்கும்.

சந்தேகம் எண்டா ரெண்டு கேள்வி கேளுங்கோ, இது மனநலத்திலை வேலை செய்யிற ஆக்களே பாவிக்கிறது. கட்டுற காசை வரவரக் கூட்டோணும் போலை இருந்ததோ? எவ்வளவு விளையாடுறாய் எண்டதைப் பற்றி வீட்டிலை பொய் சொல்லவேண்டி வந்ததோ? ஒண்டுக்கு ஓம் எண்டாலே வடிவாக் கதைக்கவேணும். 2013இலை வந்த டிஎஸ்எம்-5 எண்ட அமெரிக்க மனநலக் கைநூல் சூதாட்டத்தைக் குடி, போதைப் பழக்கத்தோடை ஒரே பகுதியிலைதான் வைச்சிருக்கு, ஒம்பது அடையாளத்திலை 12 மாசத்துக்குள்ளை நாலு இருந்தா நோய் எண்டுதான் கணக்கு. அதாலை இதைக் கொழுப்பு எண்டு சொல்லிப் பேசாதேங்கோ.

கேக்கிற விதமும் முக்கியம். சித்தப்பா மாமி ஆக்களுக்கு முன்னாலை வைச்சுப் பேசினார், அண்டையிலையிருந்து அவன் இன்னும் கெட்டித்தனமா ஒளிக்கப் பழகினான். தனிய, சாப்பிட்ட பிறகு, “ரெண்டு கிழமையா நீ நித்திரை கொள்ளுறேல்லை, எனக்குப் பயமாக்கிடக்கு” எண்டு கண்டதைச் சொல்லித் தொடங்குங்கோ. கடனை அடைக்கிறதெண்டா குடுத்தவனிட்டை நேரை குடுங்கோ, அவன்ரை கையிலை காசாக் குடுக்காதேங்கோ, நாங்கள் முதல்தரம் குடுத்த காசு அண்டு இரவே போச்சு. அவன்ரை சம்மதத்தோடை பாங்க் காட்டை வேறை ஆளிட்டைக் குடுத்து வைக்கலாம், இப்ப தம்பியின்ரை காட் சித்தியிட்டை, ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டுபேரும் ஸ்டேட்மென்றைச் சேர்ந்திருந்து பாக்கினம்.

யாழ் போதனா வைத்தியசாலையிலையும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலையும் மனநலப் பிரிவு இருக்கு, வெக்கப்படாமல் கூட்டிக்கொண்டு போங்கோ. இரவிலை ஆரோடையும் கதைக்கவேணும் எண்டா 1926க்கு அடிக்கலாம், இலங்கையின்ரை தேசிய மனநல உதவி இலக்கம் அது. கடன் முத்தின நேரம் “நான் இருந்து என்ன” எண்ட மாதிரி ஒரு சொல்லு அவன்ரை வாயிலை வந்தா அண்டைக்குக் கடன் கணக்கை விட்டிடுங்கோ, தனிய விடாதேங்கோ, பக்கத்திலை இருந்துகொண்டே அந்த இலக்கத்துக்கு அடியுங்கோ, இல்லாட்டி நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.