முதியோர் வீட்டு மருந்துப் பெட்டியைச் சரிபார்க்கும் முறை

வயதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை போட்டுக்கொள்வதைக் கண்டித்துப் பயனில்லை. அவர்கள் உண்மையில் எதையெல்லாம் விழுங்குகிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்தவை, கடையில் கேட்டு வாங்கியவை, சூரணம், சொட்டு மருந்து, தெரிந்தவர் கொடுத்த பாதி அட்டை என அனைத்தையும் மேசைமேல் பரப்பி, அட்டையில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். கத்தரித்த அட்டையில் பெயரோ காலாவதித் தேதியோ இல்லையென்றால், நிறத்தை வைத்து ஊகிக்காமல் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு, ஒரே மூலப்பெயர் இருமுறை வருகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை இரண்டிலுமே பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் உச்ச அளவு, உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வலி மாத்திரைகளுக்குத்தான். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை இரைப்பையில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இந்த வலி மாத்திரைகளையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. மூட்டுவலி அடங்கியதும் மருந்து ஒத்துக்கொண்டதாக நினைப்பது இயல்பே, ஆனால் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் வலியில்லாமலே முற்றுகிறது.

சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் மனக்குழப்பத்தையும் தரலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரோஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். தூக்கத்துக்காகவே இதைப் போடுகிறவர்களும் உண்டு; இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுவதற்கு அதுவே காரணமாகலாம். தைராய்டு மாத்திரைக்கும் நெஞ்செரிச்சலுக்கான அமில முறிவு மருந்துக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள்.

எழுதிய தாளை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, எதை நிறுத்துவது என்று கேளுங்கள். நீண்டநாள் எடுத்த தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, இதய மாத்திரை ஆகியவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மலம் கறுத்துப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, புதிதாகக் குழப்பம் தெரிந்தாலோ, தாமதிக்காமல் அந்தத் தாளுடனேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.