குர்லாவில் சொன்ன ‘சரி’: சோர்வையும் மனநிலையையும் கணக்கில் வைத்து முடிவெடுக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாலை, மழையில் ஊர்ந்து வந்த மும்பையின் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் குர்லாவில் நின்றுவிட்டது. நனைந்த சட்டையோடு கதவோரம் ஒடுங்கி நின்ற என்னை வீட்டுத் தரகர் கைப்பேசியில் அழைத்து, செம்பூரில் பார்த்த வீட்டுக்கு இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது, இப்போதே பதில் வேண்டும் என்றார். நான் ‘சரி’ என்றேன். அன்று நண்பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து, தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், மழைக்குச் சுவர் ஊறுமா என்று 6 கேள்விகளைத் தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியில், காலையில் 40 நிமிடம் மட்டுமே தண்ணீர் வந்த அந்த வீட்டில் ஒப்பந்தத்தின் 11 மாதங்களையும் கழித்தோம். அந்தச் ‘சரி’யைச் சொன்னது என் கால்வலிதான் என்று மனைவி இன்றும் சொல்வதுண்டு.

கால்வலி பேசுகிறதா, நாம் பேசுகிறோமா என்று பிரித்தறிய எளிய வழி, பதில் சொல்வதற்கு முன் அப்போதைய நிலையைப் பெயர் சொல்லிக் குறிப்பதுதான். நோர்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் என்னும் உளவியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் நாளிலும் மழை நாளிலும் பலரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டபோது, மழை நாளில் பேசியவர்கள் நிறைவைக் குறைத்தே சொன்னார்கள். ஆனால் பேச்சின் தொடக்கத்திலேயே அங்கே வானிலை எப்படி என்று விசாரித்துவிட்டால் அந்த வேறுபாடு மறைந்தது. பின்னாளில் பெருந்திரளானோரிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் வானிலையின் தாக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், ‘பசிக்கிறது, மேலாளர்மேல் எரிச்சலாக இருக்கிறது, இவை இரண்டுக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பில்லை’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளக் காசா செலவாகிறது?

இதைப் பழக்கமாக்க 2 வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்றை முடிவுசெய்யும்போதெல்லாம் மணி, முந்தைய இரவு தூங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட வேளை, மனநிலைக்கு ஒரே ஒரு சொல் ஆகியவற்றைக் குறியுங்கள். ‘மூட் சரியில்லை’ என்று எழுதினால் பயனில்லை. எரிச்சலா, பயமா, சலிப்பா என்று பிரித்து எழுத வேண்டும். ஜெனிஃபர் லெர்னரும் டாக்கர் கெல்ட்னரும் 2001-இல் காட்டியபடி, கோபத்தில் இருப்பவர் ஆபத்தைக் குறைத்தும் பயத்தில் இருப்பவர் மிகைத்தும் மதிப்பிடுகிறார். எனவே கோபமாக இருக்கும் நாளில் ராஜினாமா மின்னஞ்சலை எழுதினாலும் அனுப்பாமல் வையுங்கள். பயந்திருக்கும் நாளில் வந்த வாய்ப்பை உடனே மறுக்காதீர்கள். உற்சாகமும் நம்பத் தகுந்ததன்று. தீபாவளி போனஸ் வந்த மாலையில் தவணையில் வாங்கிய பெரிய டிவி எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் சாட்சியாகத் தொங்குகிறது.

நோட்டைப் புரட்டும்போது உங்கள் நல்ல நேரம் தானாகத் தெரியவரும். எனக்கு அது காலை 10 முதல் 12 வரை. பகல் 2 மணியையொட்டிப் பலருக்கு வரும் மந்தம் சாப்பாட்டால் மட்டும் வருவதன்று, உடலின் நாள்சுழற்சியிலும் அதற்கு இடமுண்டு. ஆகவே மதியச் சாப்பாட்டைத் தவிர்த்து அதை வெல்ல முயல்வது வீண். மன உறுதி என்பது பேட்டரி போலத் தீர்ந்துவிடும், சர்க்கரை சாப்பிட்டால் ஏறிவிடும் என்ற பிரபலமான கருத்தையும் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறத்தாழத் தென்படவே இல்லை. தூக்கக் குறைவின் கெடுதியில் அப்படிப்பட்ட ஐயம் இல்லை. மாட்டுங்காவில் மாலை 5 மணிக்குக் குடிக்கும் ஃபில்டர் காபியிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், மறுநாள் முக்கியமான முடிவு இருந்தால் அந்த டம்ளரைத் தவிர்ப்பது நல்லது.

பசிக்கு ஒரே மருந்து, வாங்க வேண்டியவற்றின் பட்டியலை வயிறு நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுவது. ஆம்ஸ்டர்டாமில் அலுவலக ஊழியர்களிடம் அடுத்த வாரத்துக்கான சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன 1998-ஆம் ஆண்டு ஆய்வில், பசி வேளையில் கேட்கப்பட்டவர்களே உடலுக்கு ஆகாதவற்றை அதிகம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உண்ணப்போவதைக்கூட இன்றைய பசி தீர்மானித்தது. நான் காய்கறிப் பட்டியலை மதியம் எழுதி வைத்து, செம்பூரில் இறங்கியதும் அதில் உள்ளதை மட்டும் வாங்குகிறேன். வடா பாவ் பட்டியலில் இல்லைதான், ஆனாலும் சில நாட்களில் உள்ளே போய்விடுகிறது.

சோர்ந்த வேளைக்கென்று ஒரு பதிலை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘நாளை 11 மணிக்குச் சொல்கிறேன்.’ ஞாயிறு இரவு திருநெல்வேலியிலிருந்து அம்மா அழைத்து, “அந்த மனையை முடிச்சிரலாமாப்பா, தரகர் காத்துக்கிட்டிருக்கார்” என்று கேட்டால், “காலைல சாப்பிட்டுட்டுப் பேசுறேம்மா, பத்திரத்தோட நகலை மட்டும் அனுப்பச் சொல்லுங்க” என்பேன். வீட்டிலும் இரவு 9 மணிக்கு மேல் பணப் பேச்சு எடுப்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். தள்ளிப்போடவே முடியாத நிலையில், தெளிவாக இருந்தபோது எழுதிய கேள்வித்தாளை எடுத்து வரிசையாகக் கேளுங்கள். புதிதாக யோசிக்கும் வேலை அப்போது மிச்சமாகும்.

மனச்சோர்வு 2 வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் நீடித்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால், அது நேரத்தை மாற்றிச் சரிசெய்யக்கூடியதன்று. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து மீண்டும் வீடு தேடியபோது, மாலை 7 மணிக்கு அழைத்த தரகரிடம் நாளை 11 மணிக்குச் சொல்கிறேன் என்றேன். காலையில் அழைத்தால் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. 3 வாரம் கழித்து, 6 கேள்விகளையும் கேட்டுப் பிடித்த வீட்டில் இப்போது இருக்கிறோம். இரண்டாம் மாடி, தண்ணீர் காலை 6 முதல் 8 வரை வருகிறது, படுக்கையறைச் சுவர் மட்டும் ஆகஸ்டில் கொஞ்சம் ஊறும் என்று வீட்டுக்காரரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.