நெல்லையில் எடுக்கும் தன்பாலீர்ப்புக் காதல் குறும்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஆண்களின் காதலைக் குறும்படமாக எடுக்கத் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள், சந்திப்புக் காட்சி என்றதும் கேமராவை மணிமுத்தாறு மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒளிந்துதான் சந்திக்க வேண்டும் என்ற நினைப்பு. முதல் தவறே அதுதான்.

குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவன் முதுகை இன்னொருவன் தேய்த்துவிட்டாலோ, வண்ணார்பேட்டையில் இருவர் தோளில் கைபோட்டு நடந்தாலோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பையனும் பெண்ணும் அப்படி நடந்தால், அவர்கள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிடும். இந்தக் காதலர்களுக்கு ஊர் முழுக்க இடம் உண்டு, தாழ்போட்ட ஓர் அறைதான் கிடையாது. சோப்பை வாங்கும் கை அரை நொடி கூடுதலாக நின்றால் போதும். கரையில் துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியாது, படம் பார்க்கிறவருக்குத் தெரியும். வினை தொடங்குவது நாயகனின் தங்கை கல்யாணம் முடிந்த பிறகு, தரகர் வந்து இவன் ஜாதகத்தைக் கேட்கும்போது. அந்தக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவனே காதலன் என்று வையுங்கள். அம்மா அவனிடமே, “நீயாவது இவனுக்கு எடுத்துச் சொல்லப்பா” என்பாள். பயம் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்தது காலக்குழப்பம். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது; அதை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே 2025இல் நடக்கும் கதையில் ஏட்டு 377ஐச் சொல்லி மிரட்டினால், அவர் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்பது படத்தில் தெரிய வேண்டும். பதிவுத் திருமணக் காட்சியும் வேண்டாம். அதற்கான உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

சட்டத்தைப் போலவே கருவிகளும் காட்டிக்கொடுக்கும். மலிவான இணையம் வந்தது 2016இல் ஜியோவுக்குப் பிறகு. 2012இல் நடக்கும் கதை என்றால் நாயகன் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும்: அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதிவிட்டு, யாஹூ அரட்டை அறைக்குள் வேறு பெயரில் நுழைவான். இவ்வளவு நல்ல காட்சியை விட்டுவிட்டுக் கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்கிறார்கள்.

காதலர்களில் மென்மையானவனைத் திருநங்கை என்று குழப்புவதும், மருத்துவர் ‘குணப்படுத்தி’ அனுப்புவதும் அறியாமை. அத்தகைய சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே உத்தரவிட்டது. கடைசியில் தாமிரபரணியில் பிணத்தை மிதக்கவிடுவது சோம்பல். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏற்றிவிடுவதும் ஏறக்குறைய அதே சோம்பல்தான்; வயலும் அப்பாவின் மருந்துச் செலவும் தலையில் இருப்பவன் எங்கே போவான்?

படப்பிடிப்புக்கு வீடு கேட்கும்போது ‘நண்பர்கள் கதை’ என்று சொல்லி வாங்காதீர்கள். படம் யூடியூபில் வந்ததும் தெருவே அந்த வீட்டுப் பையனைத்தான் உற்றுப் பார்க்கும். கதையைச் சொல்லியே கேளுங்கள். மறுத்தால் அடுத்த வீடு. பாளையங்கோட்டையில் திண்ணை வைத்த வீட்டுக்கா பஞ்சம்?